வெறும் நடைக்குச் சிலிண்டர் எழும்பாது

கேஸ் எடுக்கப் போன இடத்தில் கடைக்கார நானா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“என்ன டீச்சர், சரியா மெலிஞ்சு போனீங்க. சுகமில்லையா?”

“நல்ல சுகம் நானா. வேணுமெண்டுதான் மெலியிறன்.”

அவர் நம்பவில்லை. மூன்று சிலிண்டருக்கு முன்பு இதே இடத்தில் ஒன்றை அசைக்கக்கூட முடியாமல் நின்றவள் நான். ஆறு மாதம் வாவிக்கரையில் தினமும் நடந்ததில் எடை குறைந்திருந்தது. கையில் இருந்த பலமும் கூடவே போயிருந்தது. அன்று அவர்தான் தூக்கி ஸ்கூட்டியில் வைத்தார்.

அதற்குப் பிறகும் நடையை நான் விடவில்லை. கிழமைக்கு மூன்று நாள், நடந்து வந்த கையோடு, மண் நிரப்பிய இரண்டு பெரிய சோடாப் போத்தல்களைத் தூக்கிக்கொண்டு குந்தி எழும்புகிறேன். எடை இப்போது மெதுவாகத்தான் குறைகிறது. குறையட்டும்.

“விடுங்க டீச்சர், நான் தூக்கித் தாறன்” என்று நானா எழும்பினார்.

அவர் வந்து சேருமுன் சிலிண்டர் ஸ்கூட்டியில் இருந்தது.

நானா வாசலில் நின்ற லொறியைக் காட்டினார்.

“அதில இன்னும் நாற்பது கிடக்கு டீச்சர்.”

நாற்பதையும் இறக்க எனக்குத் துணைக்கு ஆள் வேண்டும். இதை வாசிக்கிறவர்கள் நாளைக் காலை வாவிக்கரைக்கு வாருங்கள். மண் அங்கேயே இருக்கிறது, போத்தலை மட்டும் கொண்டுவந்தால் போதும்.