பிணமாகப் படுத்திருந்த நாடகம்

பழைய கிரேக்க நாடகம் ஒன்று. ராஜாவை எதிர்த்துச் செத்தவனின் உடலை யாரும் தொடக்கூடாது, அடக்கம் செய்யக்கூடாது என்று உத்தரவு. அவனுடைய தங்கச்சி மட்டும் மீறுகிறாள். நான் இதை முதலில் பார்த்தது கறுப்பு வெள்ளைப் படமாக. ஹட்டனில் என்னோடு வேலை செய்த ஒருவர் பென்டிரைவில் போட்டுத் தந்தார். கீழே ஓடும் ஆங்கிலத்தை நான் வாசித்து முடிப்பதற்குள் பேசியவர் எழுந்து போய்விடுவார். ஆனாலும் அந்தப் பெண் வெறுங்கையால் மண் அள்ளிப் போடும் இடத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறேன். பிறகு கொழும்பில் சிங்கள மேடையில் பார்த்தேன். ராஜாவுக்குக் கோட்டும் டையும். பிணத்துக்கு வைக்கோல் அடைத்த சாக்கு. அதுவும் நன்றாகத்தான் இருந்தது. இந்த இரண்டையும் விட எனக்குப் பிடித்தது டயகமப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் போட்டதுதான். அதை நான் பார்க்கவில்லை. அதில் பிணமே நான்தான். யாரோ போனில் எடுத்த வீடியோ இன்னும் இருக்கிறது, திறக்க மனம் வரவில்லை.

நாடகத்தைத் தமிழில் ஆக்கியவர் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுக்கும் சேர். மேடையில் பிணம் கிடக்கும் என்றதும் கோயில் கமிட்டி இடம் தர மறுத்துவிட்டது. தீட்டாம். தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவுக்கு முன்னால் பலகை அடித்து மேடை போட்டோம். ராஜா வேஷம் எங்கள் கணக்கப்பிள்ளைக்கு. மலையில் கொழுந்து எடுக்கும் பெண்களை நாளெல்லாம் அதட்டுகிறவர், தனியாக நடிக்கவேண்டிய அவசியம் இருக்கவில்லை. எனக்கு வசனம் மறந்துபோகும், அதனால் பிணம். "உசுரோட இருக்குற புள்ளய பொணமா படுக்க வைக்கிறீங்களே, நல்லா இருப்பீங்களா?" என்று அம்மா சேரோடு சண்டைக்குப் போனார்.

ஒத்திகைக்குத் தவறாமல் வந்தது அப்பாவின் தங்கை, என் அத்தை. கொழுந்துக் கூடையை இறக்கியதும் நேராக வந்து ஓரமாக உட்கார்ந்துகொள்வார். "செத்துக் கெடக்குறதுக்கும் ஒத்திகையா மருமவனே?" என்று கேலி செய்வார். அவருடைய ஒரே மகன் கொழும்பில் கடையொன்றில் வேலை செய்தான். கொரோனா வந்த சமயம் அங்கேயே போய்விட்டான், அங்கேயே எரித்தும் விட்டார்கள். முகம் பார்க்க யாரும் போக முடியவில்லை. தோட்டத்துக்கு வந்தது ஒரு போன்கால் மட்டும். உடலே வராத சாவுக்கு என்ன சடங்கு செய்வது என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை. அத்தை அடுத்த வாரமே வேலைக்குப் போனார். அதைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதில்லை.

கதையில் தங்கச்சி போடுவது மண். நம் ஆட்களுக்கு மனதில் படாது என்று சேர் அதை வாய்க்கரிசி ஆக்கினார். ஒத்திகையில் தட்டு வெறுமையாகத்தான் இருந்தது. நாடகத்தன்று உண்மையான பச்சரிசி வைத்துவிட்டார். வாய்க்கரிசியைப் பொய்யாகப் போட முடியாது என்பது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவு படித்த சேருக்கும்கூட.

அதன் பிறகு நடந்ததெல்லாம் எனக்குச் சத்தமாகத்தான் தெரியும். "இவ்வுடலைத் தொடுபவர் எவராயினும் என் பகைவர்!" என்று ராஜா முழங்கினார். தங்கச்சியாக நடித்த பெண் வரவேண்டிய நேரத்தில் வேறு யாரோ பலகையில் ஏறும் சத்தம். கூட்டம் சலசலத்தது. பக்கத்தில் தட்டை இழுக்கும் ஓசை.

"ஏம்மா, இது நாடகம்மா. கீழ போய் ஒக்காரு." கணக்கப்பிள்ளை வசனத்தை விட்டுவிட்டார்.

"மலையில நீங்க சொல்றத கேக்குறேங்க ஐயா. இதுல கேக்க மாட்டேன்."

அத்தையின் குரல். மலையில் யாரும் கணக்கப்பிள்ளையிடம் அப்படிப் பேசியதில்லை. என்ன செய்யப்போகிறாரோ என்று காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தேன். பிறகு அட்டைக் கிரீடத்தைக் கழற்றிப் பலகையில் வைப்பது கேட்டது.

"சரிம்மா. போடு."

சண்டைக் காட்சிக்காக வந்திருந்த தப்புக்காரர், யாரும் சொல்லாமலே சாவுக்கு அடிக்கும் அடியை எடுத்தார். கீழே பெண்கள் ஒப்பாரி வைக்கத் தொடங்கினார்கள். அத்தை என் தலைமாட்டில் உட்கார்ந்தார். "ஒரு வா அரிசி போட ஆளில்லாம போனியே சாமி... ஆத்தா மொகத்த பாக்காம போனியே..." என்று சொல்லிக்கொண்டே என் உதட்டில் அரிசி வைத்தார். நானும் மச்சானும் ஒரே லயத்து வீட்டு வரிசையில் வளர்ந்தவர்கள். அவனுக்காக அதுவரை நானும் அழுததில்லை. பிணம் அழக்கூடாது என்று பல்லைக் கடித்துப் பார்த்தேன், முடியவில்லை. மூடிய கண்ணிலிருந்து காதுப் பக்கமாக வழிந்தது.

அத்தை முந்தானையால் அதைத் துடைத்தார். பிறகு குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்:

"அழாத மருமவனே. இன்னும் கொஞ்ச நேரம் அப்புடியே கெட. எல்லாரும் வந்து போட்டுரட்டும்."