ரேகை விழாத விரல்

உத்திரமேரூர் பக்கத்துக் கிராமத்தில் ராஜாராமுக்கு மாதத்தில் ஒரு நாள்தான் திருவிழா. அது ரேஷன் வாங்கும் நாள். மனைவி எல்லம்மாள் போய்ச் சேர்ந்துவிட்டாள். மகன் ஒரகடத்துக் கம்பெனியே கதியென்று கிடக்கிறான். மற்ற நாளெல்லாம் மனுஷன் பேச்சுத்துணைக்கு ஆளில்லாமல் டிவியோடு சண்டை போடுவார்.

ரேஷன் கடையில் அட்டையும் கையெழுத்துமாக இருந்தவரை வரிசையில் அவரும் ஓர் ஆள், அவ்வளவுதான். கைரேகை மிஷின் வந்ததும் யோகம் அடித்தது. மண்வெட்டி பிடித்தே தேய்ந்த விரலில் ரேகை விழவே விழாது. உடனே வரிசை மொத்தமும் அவரைச் சூழ்ந்துகொள்ளும்.

"தலையில தேச்சி வையி நைனா!" என்பாள் பக்கத்துத் தெரு தேவகி. பின்னால் நிற்கும் பரிமளா தன் முந்தானையாலேயே அந்த விரலைத் துடைத்து, மிஷினில் அழுத்திப் பிடிப்பாள். "உன்னால எல்லாருக்கும் பேஜாரு" என்று சேல்ஸ்மேன் அருள்தாஸ் கத்துவான். ராஜாராம் முகத்தைப் பாவமாக வைத்துக்கொள்வார். உள்ளுக்குள் அவ்வளவு சந்தோஷம்.

இப்படிப்பட்டவர்கள் படும் பாடு மேலே யார் காதிலோ விழுந்திருக்க வேண்டும். கண்ணைப் பார்க்கும் கருவி வந்தது. நொடியில் வேலை முடிந்தது. பிறகு, வயதானவர்கள் வரிசையில் நிற்க வேண்டாமென்று வீட்டுக்கே பொருளைக் கொண்டுவர உத்தரவானது. யாரைக் குறை சொல்வது? எல்லாம் நல்லதுக்குத்தான் செய்தார்கள். ஒவ்வொரு நல்லதிலும் அவருக்கு நாலு பேர் குறைந்தார்கள்.

"நான் நடந்தே வரேன், வூட்டுக்குக் குடுக்குற லிஸ்ட்லேந்து பேர எடுத்துடு" என்று கடைக்கே போய் அருள்தாஸிடம் கேட்டுப் பார்த்தார்.

"குந்தின எடத்துல அரிசி வருது, உனக்கு இன்னா கொறச்சல்?" என்று சிரித்தாள் தேவகி. அவர் வந்த வழியே வீட்டுக்குத் திரும்பிவிட்டார்.

அடுத்த மாதம் ரேஷன் வண்டி வாசலுக்கு வந்தது. வண்டிக்காரர் அரிசி மூட்டையை இறக்கினார். அருள்தாஸ் கருவியை முகத்துக்கு நேரே நீட்டினான். ராஜாராம் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"கண்ணத் தொற நைனா."

"வெரல்லயே பாரேன்."

"ரேகை வுளலன்னுதானே இது வந்துகீது?"

"இன்னிக்கி வுளும். தொடச்சிட்டு வச்சிப் பாரு" என்று கையை நீட்டினார்.

"ஏரிக்கரைத் தெரு பூரா போவணும் நைனா. அங்கயும் உன்ன மாரி தனியா கீறவங்கதான் காத்துக்கினு கீறாங்க."

அதற்கு மேல் அவருக்கு மனசு வரவில்லை. கண்ணைத் திறந்தார். கருவி கீச்சென்றது.

மூட்டையை உள்ளே வைக்க ஒரு கை பிடிக்கச் சொல்லலாம், அந்தச் சாக்கில் கொஞ்சம் பேசலாம் என்று திரும்பினார். வண்டிக்காரர் அதையும் அடுப்பங்கரையிலேயே கொண்டுபோய் வைத்துவிட்டு, வெளியே வந்து வண்டியைக் கிளப்பிக்கொண்டிருந்தார்.