இலவசக் கரி

எங்கள் ஊர் உத்திரமேரூரில் நான் விற்க வேண்டியிருந்த இயந்திரம், நெல் உமியைக் காற்றைக் குறைவாக விட்டு எரித்து, அந்தப் புகையிலேயே மோட்டார் ஓட்டும். மிச்சம் விழும் கரியை வயலில் புதைத்தால் காற்றில் கரியமில வாயு குறையும். கார்பன் நெகட்டிவ் என்பார் எங்கள் மேனேஜர். வடக்கத்திக்காரர், தமிழ் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை செய்து காட்டும்போது ஒரு மிஷினாவது விற்காவிட்டால் உனக்கு வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்.

வாங்கக்கூடியவர் ஊரில் ஒருவர்தான், ரைஸ் மில்காரர். கூட்டம் இல்லாத இடத்துக்கு அவர் வரமாட்டார். எனவே முதல் நாளே ஆட்டோவில் மைக் கட்டி, நானே தொண்டை கிழியக் கத்தினேன்: "ஏரிக்கரைக்கு வாங்க! வூட்டுக்கு ரெண்டு கிலோ கரி இலவசம்!"

மறுநாள் ஏரிக்கரை கொள்ளவில்லை. எல்லார் கையிலும் தூக்கு, குண்டான், அலுமினியச் சட்டி. மேனேஜர் போட்டோவாக எடுத்துத் தள்ளினார். கரி வாங்கப் பாத்திரத்தோடு வந்திருக்கிறார்களே, என்ன பொறுப்பான ஜனங்கள் என்று நானும் நெகிழ்ந்துபோனேன். முதல் குண்டானில் கரியைக் கொட்டினேன். அந்த அம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"இன்னா சார் இது? கறின்னுதான மைக்ல கத்திக்கினு போன? ஒரு எலும்புகூட இல்லியே!"

ஆட்டுக்கறியையும் அடுப்புக்கரியையும் எங்கள் பக்கத்து வாய் ஒரே மாதிரிதான் சொல்லும். அதுவும் ஞாயிற்றுக்கிழமை. நோட்டீஸ் அடித்திருந்தால் பிழைத்திருப்பேன்.

மில்காரர் புல்லட்டை விட்டு இறங்கவேயில்லை. "ஊர் மூஞ்சில கரி பூசிட்டு எனுக்கு மிஷின் விக்கப் பாக்குறியா?" என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

மேனேஜரிடம் விளக்கிப் பார்த்தேன். ஆங்கிலத்தில் இந்த இரண்டுக்கும் தூரத்து உறவுகூடக் கிடையாது. அவர் கேமராவைத் தட்டிக் காட்டினார். "கரிக்கு இவ்வளவு பேர் அலைமோதுகிறார்கள். இந்தக் கூட்டத்திடம்கூட விற்கத் தெரியாத உன்னை வைத்து என்ன செய்வது?" அங்கேயே வேலை போயிற்று. அந்தப் போட்டோ கம்பெனி அறிக்கையின் அட்டையில் வந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

என் மனைவியாவது புரிந்துகொள்வாள் என்று வீட்டுக்கு நடந்தேன். கல்யாணம் ஆன நாள்முதல் சாப்பிட உட்காரும்போதெல்லாம் அவளுக்கு உமிக்கரியின் மகிமையைத்தான் சொல்லிவந்தேன். வாசலிலேயே அரைத்த மசாலா மணந்தது. அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது.

"இம்மா நேரமா?" என்று சட்டியை நீட்டினாள். "உங்க ஆபீஸ்ல குடுக்கறதாச்சே, நல்ல தொடைக்கறியாதான எடுத்தாந்த?"