மலையாளி என்று தேடினால்

மலையாளி என்று தேடினால் கேரளம்தான் வருகிறது. கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து, "கேரளாவுல எந்த ஊரு?" என்று என்னைக் கேட்காத ஆள் இல்லை. ஜவ்வாது மலையில் வாழும் எங்களுக்கும் அதுதான் பேர் என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். நூலகமும் அதையே செய்யும் என்று நான் நினைக்கவில்லை.

எங்கள் மலையின் பொருளாதார வரலாற்றில்தான் முனைவர் பட்டம் வாங்குவேன் என்பது என் பிடிவாதம். வழிகாட்டிப் பேராசிரியை ஒரு வாரம் அவகாசம் தந்தார். "எங்கேந்து படிக்க ஆரம்பிப்பேன்னு காட்டும்மா. ஆதாரம் இல்லேன்னா ஆரணிப் பட்டு எடுத்துக்க. அதுக்கு ஏகப்பட்டது இருக்கு." பட்டின் மேல் எனக்குப் பகை இல்லை. ஆனால் எங்களுக்கு வரலாறே கிடையாது என்பதுபோல அவர் சொன்னது சுருக்கென்று தைத்தது.

மாவட்ட கெசட்டியர், கலைக்களஞ்சியம், நூற்பட்டியல் என்று ஒவ்வொன்றாக எடுத்து, கடைசிப் பக்கங்களில் இருக்கும் சொல்லடைவில் எங்கள் பேரைத் தேடினேன். ஒன்றில் கேரளத்து மிளகும் தேங்காயும் வந்தன. இன்னொன்றில் எங்கள் திருவிழாவையும் கல்யாணத்தையும் பற்றி நாலு வரி. நாங்கள் ஆடினோமாம், கும்பிட்டோமாம். எதையும் விற்கவோ வாங்கவோ இல்லையாம். எரிச்சலில் ஊருக்குப் போய்விட்டேன்.

திரும்பும்போது, கீழே இறங்கும் பஸ்ஸைப் பிடிக்க ஜமுனாமரத்தூர் போகும் ஷேர் ஜீப் முழுக்கப் புளி மூட்டை. டிரைவர் என்னை ஓரமாக நிற்கச் சொன்னார். "இரும்மா, மூட்டை மொதல்ல ஏறட்டும். உன்ன எங்கனா சொருகிக்கலாம்."

மூட்டை மேல் உட்கார்ந்து வந்தேன். கோபத்தோடு யோசனையும் வந்தது. நான் ஆளைத் தேடியது தப்பு, சரக்கைத் தேடியிருக்க வேண்டும்.

மறுநாள் அதே புத்தகங்களில் புளி, கடுக்காய், தேன், மெழுகு என்று பார்த்தேன். பக்கம் பக்கமாக வந்தது. அடிக்குறிப்புகள் பழைய வனத்துறை அறிக்கைகளுக்கு வழி காட்டின. மலையின் பேரை ஆளுக்கொரு விதமாக எழுதியிருந்தார்கள், எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். சந்தோஷத்தில் சாப்பிடவே மறந்துவிட்டேன்.

பேராசிரியை எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்தார். "சரக்கு இருக்கு. ஆனா உங்க ஜனங்க எங்கயுமே இல்லையேம்மா?"

"அதுதாங்க மேடம் என் ஆராய்ச்சி. புளி தானா நடந்து மலை எறங்கியிருக்காதுங்க."

அவர் என் குறிப்புகளை அடுக்கி என் பக்கம் தள்ளினார். "சரி, ஆரம்பி" என்றார்.