நாலு ரூபாய் இடைவெளி

மூன்று வருடங்களுக்கு முன், ஆவணி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை. திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு மாடியில் இருந்த பங்குத் தரகர் அலுவலகத்துக்கு, விக்கிரமசிங்கபுரத்திலிருந்து பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தேன். மில்லில் விருப்ப ஓய்வு வாங்கிய பணத்தில் ஒரு சின்னக் கம்பெனியின் பங்கை வாங்கிப் போட்டிருந்தேன். ஒரு லாட், ஆயிரத்து இருநூறு பங்கு. விற்றால் மொத்தமாகத்தான் விற்க முடியும். மகளுக்கு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. புதன்கிழமைக்குள் பணம் கட்ட வேண்டும். அன்றே விற்றால் மறுநாள் பணம் கைக்கு வந்துவிடும்.

கம்ப்யூட்டரில் ஆர்டர் போடுகிற பெண் திரையைக் காட்டினாள். வாங்குகிற பக்கம் 92 ரூபாய், விற்கிற பக்கம் 96. இரண்டு பக்கமும் ஒரே ஆள்தான் என்றாள்.

“இவருதான் மார்க்கெட் மேக்கர், அண்ணாச்சி. இந்த மாதிரி சின்னப் பங்கை வாங்க விக்க வேற ஆளு வராது. அதனால தெனமும் ரெண்டு பக்கமும் இவரு விலை சொல்லியே ஆகணும். பேசாம இவருகிட்டயே குடுத்திருங்க.”

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. “நோகாம நடுவுல இருந்துக்கிட்டு நாலு ரூவா அடிக்கான். அதுக்கு நான்தான் கெடச்சேனா?” என்று கத்திவிட்டு, 95 ரூபாய்க்குப் போடச் சொன்னேன். அவள் அப்படியே போட்டாள். சந்தை முடிகிற மூன்றரை மணி வரை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். ஒருத்தரும் வாங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மறுபடியும் போனேன். அந்தக் கம்பெனிக்கு வரவேண்டிய பெரிய ஆர்டர் கைநழுவிப் போய்விட்டதாகச் செய்தி வந்திருந்தது. அந்த மார்க்கெட் மேக்கர் வாங்குகிற விலையை 88 ஆக்கியிருந்தார். இப்பவாவது கொடுத்துவிடச் சொல்லிக் கெஞ்சாத குறையாகச் சொன்னாள் அந்தப் பெண். நேற்று 92 சொன்னவனுக்கு இன்று 88க்குக் கொடுப்பதா என்று வீம்பு பிடித்தேன். டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் திரையில் வாங்குகிற பக்கமே காலி.

“எல்லாரும் அவருகிட்ட வித்துட்டாங்க அண்ணாச்சி. அவரு கையில இவ்வளவுக்கு மேல சேந்துட்டுன்னா வாங்க வேண்டாம்னு விதி இருக்கு. இனி என்னைக்கு வாங்குவாரோ தெரியல.”

புதன்கிழமையும் காலிதான். கடன் கேட்டு இரண்டு வீட்டு வாசலில் நின்றேன், கிடைக்கவில்லை. மகளுடைய இடம் வேறு யாருக்கோ போயிற்று. பங்கை ஒருவழியாக விற்றபோது பாதி விலைதான் கிடைத்தது. அன்று பஸ்ஸில் வரும்போது அழக்கூடத் தெம்பில்லை.

இதில் எனக்கு ஆறாத விஷயம் வேறு. மில்லில் நிரந்தரம் ஆவதற்கு முன் நான் ஒன்பது வருடம் பதிலித் தொழிலாளி. யாராவது வராவிட்டால் அவர் இடத்தில் இறங்கி வேலை பார்க்கிற ஆள். தேவையோ இல்லையோ, சங்கு ஊதும்போது மில் வாசலில் நிற்க வேண்டும். பாதி நாள் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வெறுங்கையோடு வீட்டுக்கு வருவேன். ஒரு தடவை, காத்து நின்ற நேரத்துக்கு ஏதாவது தரக்கூடாதா என்று கேட்டதற்கு, “சும்மா நிக்கதுக்கு என்னலே கூலி?” என்றார் சூப்பர்வைசர். அந்த ஆத்திரம் இன்னும் என்னைவிட்டுப் போகவில்லை.

மகள் ஒரு வருடம் ஜவுளிக்கடையில் பில் போட்டாள். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த வருடம் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள், நன்றாகப் படிக்கிறாள். ஆனாலும், காத்து நிற்பவனுக்கும் கூலி வேண்டும் என்று கேட்டவன் நான். கொடுக்கிற முறை எனக்கு வந்தபோது, வேறு ஆள் வராத பங்குக்குத் தினமும் விலை சொல்லிக் காத்து நின்றவருக்கு அந்த நாலு ரூபாயைக் கொடுக்காமல் கையை மடக்கிக்கொண்டேன், அதற்கு என் பிள்ளை ஒரு வருடத்தைக் கொடுத்தாள்.