கிணற்றில் மழை இறக்கிய கதை

என் அப்பா உலகத்தைக் காப்பாற்றக் கிளம்பிய வருடம் நான் ஆறாம் வகுப்பில் இருந்தேன். ஆம்பூரில் பள்ளிக்கூட அறிவியல் ஆசிரியர் அவர். கோடை விடுமுறையில் ஏதோ ஒரு பயிற்சி முகாமுக்குப் போய்விட்டு, கையில் சுருட்டிய படம் ஒன்றோடு திரும்பினார். பூமி சூடாகிறது, பருவமழை தவறுகிறது, வருகிற தலைமுறைக்குக் குடிக்கத் தண்ணீர் இருக்காது என்று அந்தப் படத்தைச் சர்ச்சில் ஆராதனை முடிந்ததும் விரித்துக் காட்டினார். "சார், நம்ம ஊர்ல சூடு எப்ப கம்மியா இருந்துச்சு?" என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்க, போதகரே சிரித்துவிட்டார். அப்பா விடவில்லை. வாலிபர் சங்கத்துப் பையன்கள், ஷூ கம்பெனிக்குப் போகும் பெண்கள் சிலர், ரிட்டையர் ஆன நர்ஸம்மா ஒருவர் என்று ஒரு குழு சேர்ந்துவிட்டது. அதற்கு ஒரு பெயரும் வைத்தார்கள். பேனரில் எழுதினால் மூன்று வரி வரும்.

முதலில் பாலாற்றங்கரையில் மரக்கன்று நட்டார்கள். அவற்றை ஆடுகள் தின்றன. ஆடுகளுக்கு யாரும் அந்தப் படத்தை விரித்துக் காட்டவில்லை. அதன் பிறகுதான் அப்பாவின் பார்வை பெரியம்மா வீட்டுக் கிணற்றின் மேல் விழுந்தது.

பெரியம்மா என் அம்மாவின் அக்கா. எங்கள் தெருவிலேயே நாலு வீடு தள்ளித் தனியாக இருந்தார். கணவர் இறந்து வெகுகாலம் ஆகிவிட்டது, பிள்ளைகள் இல்லை. அவருக்கென்று இருந்தது அந்தக் கிணறுதான். எங்கள் ஊர்த் தண்ணீரைப் பற்றித் தெரியாதவர்களுக்கு இதைச் சொன்னால் புரியாது. தோல் பதனிடும் ஷாப்புகளின் கழிவு பல வருடங்களாக மண்ணுக்குள் இறங்கி, சில கிணறுகளில் தண்ணீர் டீ நிறத்தில் வரும். சிலவற்றில் நிறம் நன்றாகத்தான் இருக்கும், வாயில் வைக்க முடியாது. இத்தனைக்கும் நடுவில் பெரியம்மாவின் கிணறு எப்படியோ தப்பித்திருந்தது. இளநீர் மாதிரி என்று சொன்னால் அது பொய். ஆனால் அந்தத் தண்ணீரில் பருப்பு வேகும், சோப்பு நுரைக்கும், டீ திரியாது. தெரு முழுக்க அங்கேதான் குடிதண்ணீர் எடுத்தது.

எடுப்பதற்குச் சட்டங்கள் உண்டு. செருப்பை கேட்டுக்கு வெளியே விட வேண்டும். யாரும் தங்கள் வாளியைக் கிணற்றில் இறக்கக் கூடாது. பெரியம்மாவின் வாளி, பெரியம்மாவின் கயிறு, இறைப்பதும் பெரியம்மாதான். குடம் நிரம்பியதும் அடுத்த ஆள். "வேற வூட்டு வாளி பட்டா என் தண்ணி கெட்டுப்பூடும்" என்பார். யாராவது மோட்டார் வைக்கலாமே என்று சொன்னால் அவர்களுக்கு அன்று ஒரு குடம் குறையும். கல்யாண வீட்டுக்காரர்கள் பத்திரிகையைப் போதகருக்கு அடுத்தபடியாக அவருக்குத்தான் வைத்தார்கள், இரண்டு குடம் கூடுதலாகக் கிடைக்குமே. புருஷனும் பிள்ளையும் இல்லாத பெண்ணை ஊர் எந்த மூலையில் உட்கார வைக்கும் என்று எனக்கு அப்போது தெரியாது. நான் பார்த்த பெரியம்மா ராணி மாதிரி இருந்தார்.

மழை இல்லாமல் கிணறு இறங்கிக்கொண்டே போனது. தெருவிலுள்ள வீட்டு மாடிகளில் விழும் மழையைக் குழாய் வழியாகக் கிணற்றுக்குள் இறக்கலாம் என்று அப்பா போய்ச் சொன்னார்.

"தம்பி, பக்கத்து வூட்டு வாளியவே உள்ள வுடாதவ நானு. ஊரு மொட்ட மாடித் தண்ணிய வுடுவனா?" என்று பெரியம்மா முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

பிறகு குழு போனது. போதகர் போய் ஜெபம் பண்ணினார். அம்மா அக்காவுக்கும் புருஷனுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தார். எதற்கும் மசியாத பெரியம்மா, ஒருநாள் கயிறு எட்டாமல் இன்னொரு துண்டு முடிச்சுப்போட வேண்டிவந்தபோது தானாகவே ஆளனுப்பினார். அப்பாவின் பேச்சு அவரை அசைக்கவில்லை. பயம் அசைத்தது. கிணறு வற்றிவிட்டால் தன் வாசலுக்கு யார் வருவார்கள் என்ற பயம்.

அப்பா வேலையில் குறை வைக்கிறவர் இல்லை. கிணற்றோரம் தொட்டி கட்டி, மணல், சல்லி, அடுப்புக்கரி என்று அடுக்கினார். மாடிகளைத் தேய்த்துக் கழுவ வைத்தார். ஆனால் எங்கள் வீடுகளின் மாடிகள் கையகலம். பின்பக்கத்தில் பச்சைத் தோல் வாங்கி விற்கும் மண்டியின் மாடியோ கிரிக்கெட் ஆடும் அளவுக்குப் பெரியது. அப்பா தயங்கித் தயங்கி மண்டிக்காரரிடம் கேட்டார். "இன்னா சார், இதுக்குப் போய் பர்மிஷன் கேட்டுக்கினு? மழை இன்னா எங்க அப்பன் வூட்டுதா? எடுத்துக்குங்க" என்று அவர் தாராளமாகச் சொன்னார். ஆட்களை விட்டு மாடியைக் கழுவியும் கொடுத்தார். அங்கிருந்து தொட்டிக்கு ஒரு குழாய் இறக்கினார்கள். அவ்வளவு பெரிய குழாயை நான் அதுவரை பார்த்ததில்லை.

உடனே திறந்திருந்தால் ஒருவேளை எல்லாம் சரியாக நடந்திருக்கும். ஆனால் திறந்து வைக்க வேலூரிலிருந்து ஒரு அதிகாரி வர வேண்டும் என்று குழு விரும்பியது. அதிகாரிக்கு நேரம் கிடைக்கவில்லை. நல்ல வெயிலோடு சில வாரங்கள் கழிந்தன.

கடைசியில் ஒரு சனிக்கிழமை அவர் வந்தார். ஷாமியானா, மைக், மூன்று வரிப் பேனர். பெரியம்மாவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அப்பா படத்தை விரித்துப் பேச ஆரம்பித்த நேரத்தில், யாரும் எதிர்பார்க்காமல் வானம் இருட்டிக்கொண்டு மழை கொட்டியது. தெருவே கை தட்டியது. போதகர் ஸ்தோத்திரம் சொன்னார். மண்டிக் குழாயிலிருந்து தண்ணீர் உறுமிக்கொண்டு தொட்டியில் விழுந்து, மணலைத் தாண்டிக் கிணற்றுக்குள் இறங்கியது. அப்பா அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்கு அவரை நினைத்து அவ்வளவு பெருமையாக இருந்தது.

மழை ஓய்ந்ததும் பெரியம்மா நனைந்த பொன்னாடையோடு ஒரு வாளி இறைத்து, முதல் டம்ளரை அதிகாரிக்குக் கொடுத்தார். அவர் ஒரு வாய் குடித்தார். டம்ளரை மெல்ல நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டு, "ரொம்ப நல்ல தண்ணீம்மா" என்றார். இரண்டாவது டம்ளர் அப்பாவுக்கு. அவர் முழுவதையும் குடித்தார். முகம் மாறவில்லை. மூன்றாவதைப் பெரியம்மா தன் வாயில் ஊற்றி அங்கேயே துப்பினார்.

உப்பு. வெறும் உப்பு இல்லை, தோல் வாடை கலந்த உப்பு.

மண்டிக்குப் பச்சைத் தோல் அழுகாமலிருக்க உப்புப் போட்டுத்தான் வரும். பிரித்து உதறும்போது கொட்டுகிற உப்பைக் கூட்டிக் காய வைத்து மறுபடி உபயோகிப்பார்கள். காய வைக்கிற இடம் மாடி. அப்பா ஓடிப்போய்க் கேட்டபோது மண்டி மேஸ்திரி தலையைச் சொறிந்தார். "நல்லா வெயில் அட்ச்சுது சார். எப்பவும் அங்கதான் காய வெப்போம். வேணாம்னு யாரும் சொல்லலியே?" அது உண்மைதான், யாரும் சொல்லவில்லை. மாடியைக் கழுவச் சொன்னார்கள், அவர்கள் கழுவிக் கொடுத்தார்கள். உப்பு கரைந்துவிட்டால் மணலிலும் கரியிலும் தங்காது என்று ஏழாம் வகுப்புக்கு அப்பாவே பாடம் நடத்தியிருக்கிறார்.

இறைத்துக் கொட்டிவிட்டால் சரியாகிவிடும் என்று குழு முடிவு செய்தது. பெரியம்மா வேண்டாம் வேண்டாம் என்று கெஞ்சியதைக் கேட்காமல் மோட்டார் கொண்டுவந்து, அடிச் சேறு தெரியும்வரை இறைத்தார்கள். மறுபடி ஊறியது டீ நிறத்தில் இருந்தது. கிணறு காலியானதும் சுற்றுவட்டார மண்ணில் தேங்கிக் கிடந்த ஷாப்புத் தண்ணீரெல்லாம் அந்தப் பள்ளத்தைத் தேடி வந்துவிட்டது. இத்தனை வருடம் அது எட்டிப் பார்க்காமல் இருந்ததற்கு, பெரியம்மா வாளி வாளியாக அளந்து எடுத்ததுதான் காரணம் என்று இப்போது நினைக்கிறேன். அது அவருக்கே தெரியாது. மறுபடி இறைத்தார்கள், இன்னும் கறுத்து வந்தது. பிறகு மோட்டாரைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

குழு மெதுவாகக் கலைந்தது. எங்கள் தெருவுக்குத் தண்ணீர் லாரி வர ஆரம்பித்தது. குடம் தூக்கிக்கொண்டு பெரியம்மா வீட்டுக்கு நடக்க வேண்டாம் என்று நான் சந்தோஷப்பட்டேன். ஒருநாள் லாரி வந்தபோது பெரியம்மாவும் குடத்தோடு வந்தார். வழக்கம்போல நேராக முன்னால் போனார். "யக்கா, வரிசைல வாங்க" என்று யாரோ சொல்ல, நின்று திரும்பிப் பார்த்துவிட்டுப் பின்னால் போய் நின்றார். அவர் முறை வரும் முன்பே லாரி காலியாகிவிட்டது.

அன்று மாலை அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனார். நான் உடன் இருந்தால் பெரியம்மா அதிகம் திட்ட மாட்டார் என்று நினைத்திருக்க வேண்டும். "அக்கா, என்ன மன்னிச்சிடுங்க" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். பெரியம்மா அவரை நாற்காலியில் உட்காரச் சொன்னார்.

"வுடுங்க தம்பி. நீங்க நல்லதுக்குத்தான பண்ணீங்க."

அவ்வளவுதான் சொன்னார். அப்பாவுக்குப் பெரிய பாரம் இறங்கியது போலிருந்தது. திரும்பி வரும்போது வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார், எனக்குக் கடலை மிட்டாய்கூட வாங்கித் தந்தார். நான் அவருக்கு முன்னால் ஓடி, சமையல்கட்டில் இருந்த அம்மாவிடம் மூச்சு வாங்கச் சொன்னேன்: "அம்மா, பெரியம்மாவுக்குக் கோபமே இல்லியாம்!"

அம்மா அடுப்பைத் தணித்தார். பிறகு, "வேற யாராச்சும் கெடுத்திருந்தா தெருவுல நின்னு மண்ண வாரித் தூத்தியிருப்பா. தெருவும் அவ கூட நின்னிருக்கும்" என்றார். "நல்லதுன்னு தங்கச்சி புருஷன் பண்ணதுக்கு இப்ப அவ யாரப் போயி திட்டுவா?"

திட்டுவதற்கு ஆள் இல்லாமல் இருப்பது நல்லதுதானே என்று எனக்குத் தோன்றியது. பாதி மிட்டாயை அம்மாவுக்கு நீட்டினேன். அவர் வாங்கவில்லை. அதையும் நானே தின்றுகொண்டு விளையாடப் போய்விட்டேன்.