தேதி கிழிந்த பருப்புப் பொட்டலம்

நேற்று என் மகள் கஸ்தூரி கடையிலிருந்து துவரம் பருப்பு வாங்கி வந்தாள். மெல்லிய பிளாஸ்டிக் கவர், வாயில் ஒரு முடிச்சு. பருப்பை டப்பாவில் கொட்டிவிட்டு, என்னையறியாமல் அந்தக் கவரைப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். "இன்னாம்மா தேடற?" என்றாள். பத்து வயதுப் பெண்ணிடம் என்ன சொல்வது? படிக்க ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தேன் என்றால் சிரிப்பாள். எங்கள் அம்மா எல்லாவற்றுக்கும் பயப்படுவாள் என்று ஏற்கெனவே பள்ளிக்கூடத்தில் சொல்லி வைத்திருக்கிறாள். அதில் பொய் ஒன்றும் இல்லை. சின்னவன் இருமினால் விளக்கை எடுத்துவந்து தொண்டைக்குள் பார்க்கிறவள் நான். பார்த்து முடித்ததும், விளக்கை அவ்வளவு கிட்டத்தில் காட்டியிருக்கக் கூடாதோ என்று கண்ணையும் பார்ப்பேன்.

அந்தக் கவரில் வாசனையும் இல்லை. பொட்டலக் காகிதத்துக்கு வாசனை உண்டு. மிளகாய்த் தூள் கட்டிய தாளைப் படித்தால் தும்மல் வரும். புளி கட்டிய தாளில் சினிமா நடிகையின் கன்னம் கறுத்துப்போயிருக்கும். கல்யாணமான புதிதில் எனக்கு உலகச் செய்தி முழுவதும் இந்த வாசனைகளோடுதான் வந்தது. இப்போதும் எங்கோ ஒரு நாட்டில் சண்டை என்று கேட்டால் எனக்குக் கொஞ்சம் பெருங்காயம் மணக்கும்.

அனுப்பம்பட்டில் எங்கள் வீட்டுக்குப் பேப்பர் அன்றன்றைக்கே வரும். ரயிலில் வருகிற பேப்பரை நைனா ஸ்டேஷனிலிருந்து வாங்கி வருவார். தேதி, கிழமை எல்லாம் தலைப்பில் இருக்கும். அப்படி இருந்தவளை, பள்ளிப் படிப்பு முடிந்த மறுவருஷமே பழவேற்காட்டுக்கு எதிரே, ஏரிக்கு அந்தப் பக்கம், படகில் போய் இறங்க வேண்டிய குப்பத்தில் கட்டிக்கொடுத்தார்கள். அங்கே பேப்பர் கிடையாது. வீட்டில் ஒரு டிரான்சிஸ்டர் இருந்தது. பாட்டு வந்தால் வீட்டுக்காரர் சத்தமாக வைப்பார், செய்தி வந்தால் நிறுத்திவிடுவார்.

"செய்தி கேட்டா செல்லு தீந்துடும்."

"பாட்டு கேட்டா தீராதா?"

"பாட்டுக்குத் தீந்தா மனசு ஆறுது இல்ல?"

இதற்கு மேல் ஒரு கணவனிடம் என்ன வாதாடுவது?

ஆக, எனக்குக் கிடைத்தது பொட்டலம்தான். பழவேற்காட்டுக் கடைத்தெருவில் பாய் ஒருவரின் மளிகைக் கடை. குப்பத்தில் எல்லோரும் அங்கேதான் வாங்குவார்கள். பட்டணத்திலிருந்து மூட்டை மூட்டையாகப் பழைய பேப்பர் எடைக்கு வாங்கிப் போட்டிருப்பார். சாமான் பிரித்ததும் நான் தாளைத் தடவித் தடவிப் படிப்பதை முதலில் பார்த்தது பச்சையம்மா அக்கா. அவள் ஏரியில் இறங்கிக் கையாலேயே இறால் தடவிப் பிடிப்பவள். பனை ஓலைப் பறிக்கூடையின் கயிற்றைப் பல்லில் கவ்விக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் நாளெல்லாம் வாய் திறக்காமல் நகர்வாள். கரையேறிப் பறியை இறக்கியதும், அத்தனை நேரம் அடக்கிய பேச்சும் கொட்டும். "ஏ பேப்பர்காரி, இதுல இன்னா போட்டுக்கீறான் பாரு" என்று ஒருநாள் வெல்லம் கட்டிய தாளை நீட்டினாள். அன்றிலிருந்து குப்பத்துப் பெண்கள் எல்லோருக்கும் அது பழக்கமாகிவிட்டது. யார் வீட்டுப் பொட்டலத்தில் படமோ பெரிய எழுத்தோ இருந்தாலும் அதைக் கிழிக்காமல் பிரித்து, மடித்து, முந்தானையில் முடிந்து என்னிடம் கொண்டுவருவார்கள். படித்தது கூரை ஓலையில் செருகப்படும். பிடித்திருந்தால் மறுநாள் ஒருத்தி இரவல் வாங்கிப் போவாள்.

எப்படிப்பட்ட தாள்கள்! நடிகை ஒருத்தி யாரைக் கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிறாள் என்று போட்டிருக்கும், மாப்பிள்ளை பெயர் வருகிற இடத்தில் கிழிந்திருக்கும். மீதித் தாள் யார் வீட்டு உப்பில் போயிற்று என்று ஒரு வாரம் விசாரித்தோம். கையில் கட்டிக்கொள்ளும் கடிகாரம் கணக்கும் போடுமாம். சீமையில் டாக்டர் ஒருத்தர் கண்ணாடிக் குழாயில் குழந்தையை உண்டாக்கிவிட்டாராம். அதைப் படித்தபோது கஸ்தூரி என் வயிற்றில் ஏழு மாசம். பச்சையம்மா என் வயிற்றையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்ப வவுத்த தள்ளிக்கினு ஏரில எறங்க வேணாமா? குழாய வூட்லயே வெச்சுட்டுப் போலாம்?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும் ராத்திரி முழுக்க, குழாய் கைதவறினால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

கஸ்தூரி பிறந்து குப்புறக் கவிழத் தொடங்கியிருந்த சமயம். ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம். அன்று கடைக்குப் போய்வந்த பச்சையம்மா பருப்புப் பொட்டலத்தின் தாளோடு வந்தாள். அரைப் பக்கம். மேல் விளிம்பு கோணலாகக் கிழிந்திருந்தது. நடுவில் காற்றாடி மாதிரி இறக்கைகள் விரித்த ஏதோ ஒன்றின் படம். பெயர் ஸ்கைலாப் என்று போட்டிருந்தது. அமெரிக்காக்காரர்கள் வானத்தில் மிதக்கவிட்ட ஆராய்ச்சிக் கூடம், வீடு அளவு பெரியது, இப்போது கட்டுக்கு அடங்காமல் இறங்கிக்கொண்டிருக்கிறது. வரும் புதன்கிழமை விழும். எந்த நாட்டில், கடலிலா தரையிலா, யாராலும் சொல்ல முடியாது. அதை நான் சத்தமாகப் படித்தேன்.

"பொதன்னா, நாளைக்கு" என்றாள் பச்சையம்மா.

நாளைக்கு. நாளைக்குத்தான் அவருக்குப் பாடு.

பாடு என்றால் முறை. ஏரியில் இறால் நன்றாகப் படுகிற இடங்கள் எல்லோருக்கும் போதாது. அதனால் இன்ன நாளில் இன்னார் இன்ன இடத்தில் வலை போடலாம் என்று குப்பத்தில் முறை வைத்திருந்தார்கள். உங்கள் நாளில் நீங்கள் இறங்காவிட்டால் அந்த முறை போனதுதான். சுற்று முழுவதும் முடிந்து மறுபடி வரும்வரை கரையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கலாம். அந்த மாதம் இரண்டு பாடு பலத்த காற்றால் வீணாகிப் போயிருந்தது. அவர் இதற்காகவே வலையின் கிழிசலைத் தைத்துவைத்துக் காத்திருந்தார்.

விஷயம் பரவி வாசலில் ஆட்கள் கூடிவிட்டார்கள். குப்பத்துப் பெரியவர் தாளைத் தலைகீழாகப் பிடித்துப் படத்தைப் பார்த்தார். "வடக்கால தீவுல ராக்கெட்டு வுடற அன்னிக்கு, கடலுக்குப் போவாதீங்கன்னு சொல்லி அனுப்புறாங்களா இல்லியா? இதுக்கு யாராச்சும் வந்து சொன்னாங்களா? இல்ல. அப்ப ஒண்ணுமில்ல."

"அது நம்ம ராக்கெட்டு, சொல்லுவான்" என்றாள் பச்சையம்மா. "இது அசலூர்க்காரன்து. அவனுக்கு நம்ம குப்பம் எங்க கீதுன்னு தெரியுமா?"

பெரியவர் தாளை என் கையில் திருப்பிக் கொடுத்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "நீ படிச்ச பொண்ணு. சொல்லு. போலாமா, வேணாமா?"

படித்திருந்தேன். ஆனால் அந்தத் தாளில் இதற்கு விடை இல்லையே. போகச் சொல்லி ஏதாவது ஆனால்? போக வேண்டாம் என்று சொல்லி ஒன்றும் ஆகாமல், பாடும் போய், அவர் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்? டிரான்சிஸ்டரைக் கேட்டுவிடலாம் என்று ஓடினேன். செல்கள் தீர்ந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. புதுசு வாங்கக் கையில் இல்லாமல், உயிர் வரட்டும் என்று தினமும் வலையோடு வெயிலில் காய வைத்திருந்தோம். போட்டுத் திருகினேன். எண்ணெயில் கடுகு போட்டதுபோல் ஒரு பொரிப்பு, அவ்வளவுதான். பழவேற்காட்டுக்குப் போய்வரவும் அந்நேரத்தில் படகு இல்லை.

"இன்னாமே, வாயத் தொறந்து சொல்லு" என்றார் அவர்.

"போவாதீங்க" என்றேன். உடனே, "போறதுன்னா சீக்கிரம் வந்துடுங்க" என்றேன். அவர் சிரித்துவிட்டார்.

"வானம் எம்மாம் பெருசு. என் தலை எம்மாம். தேடிக்கினா வரும்?"

விடியும்போது போய்விட்டார்.

பச்சையம்மாவும் ஏரிக்குக் கிளம்பினாள். "நீயாவது போவாத அக்கா" என்றேன். "எனக்கு இன்னா பயம்? மேலருந்து வந்தா முங்கிக்கிறேன்" என்று பறிக் கயிற்றைப் பல்லில் கவ்விக்கொண்டாள். அதற்குமேல் அவளிடம் பேசிப் பயனில்லை.

ஓலைக் கூரையை நம்ப முடியவில்லை. கரையில், தண்ணீர் புகாமலிருக்கக் கீல் பூசுவதற்காக ஒரு பெரிய படகைக் கவிழ்த்து, கட்டைகள் முட்டுக்கொடுத்து வைத்திருந்தார்கள். கஸ்தூரியைத் தூக்கிக்கொண்டு அதனடியில் புகுந்தேன். என்னைப் பார்த்து இன்னும் மூன்று பெண்கள் பிள்ளைகளோடு வந்து புகுந்தார்கள். உள்ளே கீல் வாசனை, நண்டு வளைகள், உலை மாதிரி புழுக்கம். குழந்தை வீறிட்டு அழுதாள். வெளியே கொண்டுபோனால் வானம், உள்ளே வைத்தால் மூச்சுமுட்டல். எது மோசம்? அவளை வெளியே எடுப்பேன், அண்ணாந்து பார்ப்பேன், உடனே உள்ளே கொண்டுவந்துவிடுவேன். இடுக்கு வழியே பார்த்தால் தூரத்தில் கறுப்புப் புள்ளிகளாகப் படகுகள். அதில் அவருடையது எது என்று தெரியவில்லை. தெரியாததால் எல்லாப் புள்ளிகளுக்கும் வேண்டிக்கொண்டேன்.

மத்தியானத்துக்கு மேல் வடக்கே கறுத்தது. பிறகு ஒரு சத்தம். நான் அதுவரை எத்தனையோ இடி கேட்டவள்தான். ஆனால் அன்று அது இடியாக என் காதில் விழவில்லை. படகுப் பலகை அதிர்ந்தது. பக்கத்தில் இருந்தவள் பிள்ளையின் தலையை மடியில் அமுக்கிக்கொண்டு "வியுந்துடிச்சி" என்று முனகினாள். நான் வெளியே பாய்ந்தேன். ஏரியின் மேல் மழை திரைபோல் வந்துகொண்டிருந்தது. புள்ளிகள் ஒவ்வொன்றாக அதற்குள் மறைந்தன. குழந்தையோடு தண்ணீரில் இறங்கி முழங்கால் அளவுக்குப் போய்விட்டேன். எதற்காகப் போனேன், போய் என்ன செய்வதாக இருந்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒரு கை என் தோளைப் பிடித்துத் திருப்பியது. பச்சையம்மா. பறி வாயில் இருந்ததால் அவளால் பேச முடியவில்லை. கண்ணாலேயே திட்டிக் கரைக்குத் தள்ளினாள். கரையேறிப் பறியைக் கழற்றியதும் முதல் வார்த்தை: "படிச்சவளாம்! கொயந்தைய வெச்சுக்கினு சேத்துலயா எறங்குவ?"

மழை விட்டபிறகு அவர் வந்தார். தொப்பலாக நனைந்து, சிரித்துக்கொண்டு. பெரிய கூடை தளும்ப வெள்ளை இறால். நான் அவர் தலையைத் தொட்டுப் பார்த்தேன். "இன்னாமே, கொயந்தைய இப்படியா நனைய வுடுவ?" என்றார். எனக்கு அழுகை வந்தது. இறாலைப் பார்த்து அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் இறாலைப் போட்டுவிட்டுப் புதுச் செல்லோடு பழவேற்காட்டிலிருந்து திரும்பியவர், படகிலிருந்து இறங்கும்போதே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பாய் கடையில் விசாரித்தாராம். "அட அது போன மாசமே ஆஸ்திரேலியாவுல வியுந்து போச்சுபா, ஆளில்லாத பொட்டக் காட்டுல. நீங்க இப்பத்தான் பயப்படறீங்களா?" என்று பாய் கேட்டாராம். குப்பமே சிரித்தது. பச்சையம்மா ஒரு மாதத்துக்கு என்னைக் கூப்பிடும்போதெல்லாம், "ஏ பேப்பர்காரி, பாண்டவருங்க சண்ட முடிஞ்சிடிச்சா, இன்னும் நடக்குதா?" என்பாள்.

நானும் சிரித்தேன். ஆனால் அடுப்பில் சோறு பொங்கிக்கொண்டிருக்கும்போது எனக்கு ஒன்று தோன்றியது. போன மாசம் புழுக்கம் தாங்காமல் நாங்கள் எல்லோரும் வெளியே மணலில்தான் பாய் விரித்துப் படுத்தோம். கஸ்தூரி என் பக்கத்தில், மேலே ஒரு துணிகூட இல்லாமல், வானத்தைப் பார்த்து மல்லாந்து தூங்கினாள். அது கீழே வந்துகொண்டிருந்த நாட்களில் நான் அவளுக்குக் கொசு விரட்டிக்கொண்டிருந்தேன். நன்றாகத் தூங்கினேன் என்றும் நினைவிருக்கிறது. பயப்பட வேண்டிய நாளில் தூங்கிவிட்டு, ஒன்றுமில்லாத நாளில் படகுக்கு அடியில் உட்கார்ந்திருந்திருக்கிறேன். முந்தின நாளைவிடப் பெரிய பயம் அப்போதுதான் வந்தது. அவரிடம் சொன்னேன். "அதான் வியலையே" என்றார். அது பதில்தான். ஆனால் எனக்குப் போதவில்லை.

அதன்பிறகு பாயிடம் சொல்லியனுப்பினேன், தேதி இருக்கிற தாளாகப் பார்த்துக் கட்டித்தரச் சொல்லி. அவரும் எங்கள் குப்பத்துச் சாமானுக்கு மட்டும் மேல்பக்கம் கிழியாத தாளாகத் தேடி எடுப்பாராம். "உங்க ஊர்ல தேதி பாக்காம பருப்பு துன்ன மாட்டாங்களே" என்பாராம்.

இரண்டு வருஷமாக அந்தக் கடையில் காகிதம் இல்லை. பாய் இறந்த பிறகு அவர் மகன் எல்லாவற்றையும் கவரில் போட்டுத் தருகிறான். கூரையை மாற்றி ஓடு போட்டபோது, செருகியிருந்த தாள்கள் கை பட்டதும் பொடிந்தன. பஞ்சாயத்தில் டிவி வைத்திருக்கிறார்கள். உலகத்தில் நடப்பது அன்றைக்கே தெரிந்துவிடுகிறது. பச்சையம்மா சாயங்காலமானால் போய் உட்கார்ந்துவிடுகிறாள். என்னிடம் தாள் கொண்டுவருகிறவர்கள் யாரும் இல்லை. போன வாரம் அவளிடம், டிவி எப்படி என்று கேட்டேன். "நல்லாத்தான் படிக்கிறான். ஆனா, அப்ப நாங்க ஏரில எறங்கலாமா வேணாமான்னு கேட்டா சொல்ல மாட்டேன்றான்" என்றாள்.

நான் மட்டும் சொன்னேனா என்ன.

கவரை மடித்து அடுக்கில் வைத்தேன். நேற்றும் நல்ல புழுக்கம். வெளியே பாய் போடட்டுமா என்று கஸ்தூரி கேட்டாள். வேண்டாம், தம்பியைக் கூட்டிக்கொண்டு உள்ளேயே படு என்றேன்.

"ஏம்மா, மழ வருமா?" என்று வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தாள். ஒரு மேகம்கூட இல்லை, வானம் சுத்தமாக இருந்தது.

போன மாசம் என்று பாய் சொன்ன அந்த மாதத்திலும் அப்படித்தான் இருந்தது.